‘படுத்து ஓய்வெடுங்க’ என்பது எப்போதும் மருந்தல்ல: மூத்தோரை மீண்டும் நடக்க வைப்பது எப்படி?

ஈப்போ – “எழுந்திரிக்காதீங்கம்மா, படுத்து நல்லா ஓய்வெடுங்க.” பார்வையாளர் நேரத்தில் மருத்துவமனை வார்டுகளில் நம்மவர் வாயிலிருந்து அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. பாசத்தில் சொல்வதுதான். ஆனால் 70, 80 வயதைத் தாண்டியவர்களின் நடையைப் பறிப்பதில் நோய்க்கு இருக்கும் பங்கு கட்டிலுக்கும் உண்டு.

அமெரிக்காவில் 2007-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான மூத்தோர் சிலரை 10 நாள் படுக்கையிலேயே இருக்க வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. நோயற்றவர்களுக்கே இப்படியென்றால், நிமோனியாவோடு வந்து சாப்பாடும் இறங்காமல் கிடப்பவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. சிறுநீர்த் தொற்றுக்காகச் சேர்க்கப்பட்ட பாட்டி, தொற்று ஆறிய பிறகும் சக்கர நாற்காலியில் வீடு திரும்புவது இதனால்தான். வீட்டில் அதை “வயசாயிடுச்சு” என்று முடித்துவிடுகிறோம்.

பேராவில் இன்று அந்த வயதில் இருக்கும் நம்மவர்களில் பலர் ரப்பர் தோட்டத்தில் உழைத்தவர்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நாளுக்கு 400, 500 மரங்கள் வெட்டி, காண்டா வாளியில் பால் சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்கியவர்கள். நடை அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் முட்டி தேய்ந்திருக்கும். இனிப்பு நீரால் பாதம் மரத்திருக்கும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. தரை எங்கே இருக்கிறது என்று பாதம் சொல்லாதபோது, விழுந்துவிடுவோமோ என்ற பயமே பாதி ஆளைக் கட்டிலில் உட்கார வைத்துவிடும்.

மருத்துவமனையில் நடைப் பயிற்சி நடப்பதில் தொடங்குவதில்லை. முதலில் கட்டிலில் புரண்டு படுப்பது, பிறகு விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்காருவது. நாள்கணக்கில் படுத்தவர் சட்டென எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும் என்பதால், இந்த உட்காரும் நேரத்தை அவசரப்படுத்தக் கூடாது. அடுத்து நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பது. நடையின் பாதி இதில்தான் இருக்கிறது. தொடைத் தசை இல்லாமல் எழ முடியாது, எழாமல் நடக்க முடியாது. இணைக் கம்பி, வாக்கர், படிக்கட்டு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இடுப்பு எலும்பு முறிந்தவருக்கு அறுவை சிகிச்சை நடந்த மறுநாளே எழுப்பி உட்கார வைக்க முயல்வது இன்று உலக வழக்கம். “நேத்துதான் ஆபரேஷன், இன்னைக்கே எழுப்புறாங்களே” என்று தாதியிடம் கோபப்படும் உறவினர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. ஸ்பெயினின் பம்ப்லோனா நகரில் 75 வயதுக்கு மேற்பட்ட 370 உள்நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள், வந்தபோது இருந்ததைவிடத் தளர்ந்து வீடு திரும்பினார்கள். தினமும் இருவேளை சிறு பயிற்சி செய்தவர்களோ வந்ததைவிட மேலான நிலையில் போனார்கள்.

பக்கவாதத்தில் மட்டும் ஒரு நிதானம் வேண்டும். மலேசியா உட்பட ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ‘அவெர்ட்’ ஆய்வின் முடிவு 2015-இல் வந்தது. முதல் 24 மணி நேரத்துக்குள் எழுப்பி அதிகமாகப் பயிற்சி கொடுத்தவர்களுக்குப் பலன் சற்றுக் குறைவாகவே இருந்தது. குறைந்த நேரம், அடிக்கடி செய்வதே நல்லது என்று அதன் தொடர் ஆய்வு காட்டியது. எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், குடும்பம் கேட்க வேண்டியது, “எங்கம்மா எப்போதிலிருந்து எழுந்து உட்காரலாம்?” என்ற கேள்வியை. அதை முதல் நாளே கேட்கலாம்.

தூக்கிவிடும் முறையிலும் தவறு நடக்கிறது. கையைப் பிடித்து இழுத்து எழுப்பக் கூடாது. பக்கவாதத்தில் தளர்ந்த தோள் மூட்டு அந்த ஓர் இழுப்பில் விலகிவிடலாம். பலவீனமான பக்கத்தில் நின்று, இடுப்பைச் சுற்றித் தாங்க வேண்டும். கைத்தடியை வலிக்கும் காலின் பக்கமே பிடிப்பது நம் வீடுகளில் பார்த்துப் பழகிய காட்சி. எதிர்ப்பக்கக் கையில்தான் பிடிக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு உயரத்தில் இருக்க வேண்டும். தாத்தா விட்டுச் சென்ற தடி பாட்டிக்குச் சரிவராமல் போவது இதனால்தான். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில்.

உடம்பைத் தேற்ற வெறும் கஞ்சி போதாது. முட்டை, மீன், பருப்பு இல்லாமல் தசை வளராது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை மட்டும் உணவியல் நிபுணரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஈப்போவை ஒட்டிய மேரு ராயாவில் பெர்கேசோ அமைத்துள்ள மறுவாழ்வு மையத்தில், நடக்க உதவும் ரோபோ கருவிகள் வந்துவிட்டன. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அது முதன்மையாக பெர்கேசோ சந்தாதாரர்களான தொழிலாளர்களுக்கானது. தோட்டம் மூடி பல ஆண்டுகளான ஒரு பாட்டிக்கு, ராஜா பெர்மைசூரி பைனுன் போன்ற அரசாங்க மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவும், வீட்டில் ஒரு கனமான மர நாற்காலியும்தான் கருவி.

அந்த வீட்டைப் பற்றி சிகிச்சையாளருக்குச் சொல்வது யார்? மருத்துவமனைத் தரை வழவழப்பாக, மட்டமாக இருக்கும். சுங்கை சிப்புட்டிலோ செமோரிலோ உள்ள பழைய லயத்து வீட்டில் வாசற்படி உயரம், கழிவறை பின்கட்டில், அதுவும் குந்தி உட்காரும் வகை. வார்டில் 20 மீட்டர் நடந்தவர் வீட்டில் இரவு கழிவறைக்குப் போகும் வழியில் விழுவது அதனால்தான். வாசற்படி, குளியலறை, கழிவறை மூன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து, படியின் உயரத்தை அளந்து சிகிச்சையாளரிடம் காட்டினால், அதற்கேற்ற பயிற்சியை வார்டிலேயே தொடங்கலாம். குந்தும் கழிவறைக்கு மேல் வைக்கும் நாற்காலியையும் முன்கூட்டியே வாங்கிவிடலாம். தரையில் இழுபடும் கைலியும் தேய்ந்த சிலிப்பரும் வேண்டாம்.

வீடு திரும்பிய பிறகுதான் பலருக்கு எல்லாம் நின்றுபோகிறது. பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருப்பார்கள். அரசாங்க நிபுணத்துவ சிகிச்சைக்கு 5 ரிங்கிட் என்றாலும், ஈப்போவுக்குப் போய்வர வாடகைக் கார் செலவு அதைப்போல் பல மடங்கு. இரண்டு தவணை தவறினால் மூன்றாவதுக்கு யாரும் கூப்பிட்டுப் போவதில்லை. தொடர் பயிற்சியை வீட்டுக்குப் பக்கத்து மாவட்ட மருத்துவமனைக்கோ அரசாங்க கிளினிக்குக்கோ மாற்றித் தர முடியுமா என்று கேட்கலாம். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் டொமிசிலியாரி சேவையை சுகாதார அமைச்சு 2014 முதல் கிளினிக்குகள் வழி நடத்துகிறது.

இடைப்பட்ட நாள்களில் வீட்டில் செய்வது எளிது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வைத்து, தொலைக்காட்சித் தொடரில் விளம்பரம் வரும்போதெல்லாம் ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லலாம். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு கெண்டைக்காலில் மட்டும் புதிதாக வீக்கம் – இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.