தந்திக்கு அடியில் ஒரு நுரைப்பஞ்சு

உங்கள் கைப்பேசியில் மார்வின் கே பாடிய 'வாட்ஸ் கோயிங் ஆன்' பாடலைத் தேடி எடுங்கள். 1971-இல் அதே பெயரில் வெளிவந்த இசைத்தொகுப்பின் முதல் பாடல் அது. முதலில் கைப்பேசியின் ஒலிபெருக்கியிலேயே கேளுங்கள். பிறகு இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். இரண்டாம் முறை, பாட்டின் அடியில் யாரோ ஒருவர் இன்னொரு பாட்டையே வாசித்துக்கொண்டிருப்பது தெரியவரும். அவர் ஜேம்ஸ் ஜேமர்சன். கையில் இருப்பது பேஸ் கிட்டார்.

நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. அதாவது 41 ஹெர்ட்ஸ். விரல்நகம் அளவே உள்ள கைப்பேசி ஒலிபெருக்கியால் அவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணுக்குக் காற்றைத் தள்ள முடியாது. ஆனாலும் தாழ்ந்த சுரம் ஒன்று ஒலிப்பதுபோல் நமக்குக் கேட்கிறதே, எப்படி?

எந்தத் தந்தியும் ஓர் அதிர்வெண்ணில் மட்டும் அதிர்வதில்லை. 41-இன் மடங்குகளான 82, 123, 164, 205 என மேற்சுரங்களும் கூடவே பிறக்கின்றன. கைப்பேசி அவற்றுள் மேலே உள்ளவற்றை மட்டுமே தருகிறது. அவற்றுக்கு இடையே உள்ள சம இடைவெளியை வைத்து, வராத 41-ஐ நம் மூளையே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. நம் தலைக்குள் நாமே வாசிக்கும் பேஸ் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இதில் மாணவர்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு. பேஸ் கேட்கவில்லை என்று ஒலியளவைக் கூட்டாதீர்கள். அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் இல்லாத பேஸ் அதனால் வந்துவிடாது. குரலும் தாளக்கருவிகளும்தான் காதைக் குத்தும். இயர்ஃபோனில் இந்தப் பழக்கம் இன்னும் ஆபத்தானது. 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதே பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. ஒலி கூடக் கூட அந்த நேரம் மளமளவென்று குறையும்.

ஜேமர்சனுக்கு வருவோம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், ஒரு சாதாரண வீட்டை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றி 1959-இல் தொடங்கியது மோட்டவுன் நிறுவனம். அங்கே 1960-களில் பதிவான பாடல்களில் பெரும்பகுதிக்கு பேஸ் வாசித்தவர் இவர். ஆனால் இசைத்தட்டு உறைகளில் இவர் பெயர் பல ஆண்டுகள் இடம்பெறவில்லை. பாடகரை உலகமே அறியும். அந்தப் பாட்டைத் தாங்கி நின்றவரை அறியாது.

எனக்குப் பிடித்த பேஸ் ஒலிகளில் முதலிடம் இவருடையதுதான். இவர் வாசித்தது 1962-ஆம் ஆண்டு ஃபெண்டர் பிரசிஷன் பேஸ். அதன் பாலத்தை மூடியிருந்த உலோக உறைக்கு உள்ளே, தந்திகளை ஒட்டியபடி ஒரு நுரைப்பஞ்சு இருந்தது. தந்தியின் ஆற்றலை அந்தப் பஞ்சு உறிஞ்சி வெப்பமாக்கிவிடும். உயர்ந்த மேற்சுரங்கள் முதலில் மடியும். அடிச்சுரமும் நீண்ட நேரம் நிற்காது. 'டூம்' என்று இழுக்க வேண்டிய ஒலி 'டும்' என்று முடிந்துவிடும். ஒவ்வொரு சுரத்துக்கும் பின்னால் ஒரு சிறு இடைவெளி கிடைக்கிறது அல்லவா? அந்த இடைவெளியில்தான் டிரம்ஸ் தெளிவாகக் கேட்கிறது. அடுத்தடுத்து எத்தனை சுரங்களை வாசித்தாலும் குழம்பிப் போவதில்லை. ஜேமர்சன் முதலில் நின்று வாசிக்கும் பெரிய மர பேஸில் பழகியவர். அதன் குட்டையான, உருண்டையான ஒலியை இந்தப் பஞ்சு மின்கிட்டாருக்கும் கொண்டுவந்தது. வலக்கையில் அவர் பயன்படுத்தியது ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டுமே.

தந்தியிலும் விஷயம் இருக்கிறது. தாழ்ந்த சுரம் வேண்டுமானால் தந்தி கனமாக இருக்க வேண்டும். அதற்காக ஒரே தடித்த கம்பியைப் போட்டால் அது கம்பியாக நடந்துகொள்ளாது, விறைத்த தண்டுபோல் ஆகிவிடும். மேற்சுரங்கள் சரியான மடங்குகளிலிருந்து விலகிப்போகும். எனவே மெல்லிய எஃகுக் கம்பியின்மேல் இன்னொரு கம்பியைச் சுற்றுகிறார்கள். கனம் கூடும், வளையும் தன்மை பெரிதும் கெடாது. சுற்றும் கம்பி உருண்டையானால் ஒலி பளிச்சென்று இருக்கும். நாடாபோல் தட்டையானால் மங்கலாக, மென்மையாக இருக்கும். ஜேமர்சனுடையது தட்டைச் சுற்று. அதையும் அறுந்தால் ஒழிய மாற்றமாட்டாராம். வியர்வையும் அழுக்கும் படியப் படிய உயர்ந்த மேற்சுரங்கள் இன்னும் மங்கும். அவருக்கு அதுவே வேண்டியிருந்தது.

இதற்கு நேர் எதிர், 'யெஸ்' குழுவின் கிறிஸ் ஸ்குவையர். 1971-இல் வெளிவந்த 'ரவுண்டபவுட்' பாடலைக் கேளுங்கள். உருண்டைச் சுற்றுத் தந்தி, ரிக்கன்பேக்கர் கிட்டார், விரலுக்குப் பதில் மீட்டுவில்லை. மேற்சுரங்கள் அத்தனையும் கணீரென்று தெறிக்கும். கைப்பேசியில்கூட இது ஓரளவு தப்பிப் பிழைக்கும் என்பதற்குக் காரணம் உங்களுக்கு இப்போது தெரியும்.

1966-இல் லண்டனில் 'பேப்பர்பேக் ரைட்டர்' பாடலைப் பதிவுசெய்தபோது, பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி தம் பேஸ் ஒலி போதவில்லை என்றார். பேஸ் கூடினால் இசைத்தட்டின் ஊசி பள்ளத்தைவிட்டுத் துள்ளிவிடும் என்பது அன்றைய பொறியாளர்களின் பயம். ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக் தரப்பினர் செய்தது வேடிக்கையானது: ஒரு பெரிய ஒலிபெருக்கியையே ஒலிவாங்கியாகப் பயன்படுத்தினார்கள்! படிவம் 5 மாணவர்களுக்கு இது புரியும். மின்னோட்டம் சுருளை அசைத்தால் ஒலி; ஒலி சுருளை அசைத்தால் மின்னோட்டம். கருவி ஒன்றே. அகன்ற கூம்பு தாழ்ந்த அதிர்வுகளை நன்றாகவே வாங்கிக்கொண்டது.

வீட்டில் சாதாரண கிட்டார் இருந்தால் ஜேமர்சனின் வித்தையை இன்றே செய்து பார்க்கலாம். பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் புதிதாக ஒன்றை எடுத்து, விரலகலத்துக்கு வெட்டி, பாலத்துக்குப் பக்கத்தில் தந்திகளுக்கு அடியில் செருகுங்கள். தடித்த தந்தியை ஒருமுறை மீட்டுங்கள். பிறகு பஞ்சை ஓர் அங்குலம் தள்ளி வைத்து மீண்டும் மீட்டுங்கள். ஒலி இன்னும் விரைவாக மடிகிறதா என்று கவனியுங்கள்.