முந்திரி விற்க எத்தனை சப்ஸ்கிரைபர் வேண்டும்?

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒருவர் ரிட்டயர் ஆகும்போது இரண்டு கேள்விகள் சேர்ந்தே வரும். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு எங்கே போவது? பி.எஃப்., கிராஜுவிட்டி பணத்தை என்ன செய்வது? இப்போதெல்லாம் மூன்றாவதாக ஒன்றும் வருகிறது: "சின்னதா முந்திரி வியாபாரம், கூடவே ஒரு யூடியூப் சேனல். சரிவருமா தம்பி?"

நான் சாஃப்ட்வேர்காரன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். கேட்பவர் கையில் இருப்பது முப்பது வருட ஷிஃப்ட் வேலையின் பணம். "முயற்சி பண்ணிப் பாருங்க" என்று சொல்லி நழுவ மனசு வரவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

எல்லோரும் உதாரணம் காட்டுவது வில்லேஜ் குக்கிங் சேனலைத்தான். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018-இல் ஆரம்பித்தார்கள். 2021-இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தாண்டிய முதல் தமிழ் சேனல் ஆனது. பெரிய சாதனைதான். ஆனால் அங்கே வீடியோதான் சரக்கு, பார்வைகள்தான் வருமானம். முந்திரி விற்பவருக்கு நிலைமை வேறு.

கணக்கைப் பாருங்கள். விளம்பர வருமானம் வர 1,000 சப்ஸ்கிரைபர்களும், 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். (ஷார்ட்ஸ் வழியில் போனால் 90 நாளில் ஒரு கோடி பார்வைகள்.) 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக 3 நிமிடம் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால், 80,000 பார்வைகள். இது வாசற்படி மட்டும்தான். உள்ளே போன பிறகு, வழக்கமான வீடியோக்களுக்கு வரும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் நமக்கு, மிச்சம் யூடியூபுக்கு. அந்த 80,000 பேரில் முந்திரி வாங்கப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று யோசித்தால், நாம் எண்ண வேண்டியது வேறொன்று என்பது புரியும்.

நமக்குப் பொருத்தமான உதாரணம் ரொம்ப தூரத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஹாமில்டன் என்று ஒரு ஊர். மக்கள்தொகை 2,000-க்கும் குறைவு. 2008 பொருளாதார நெருக்கடியில் ஜென்னி டோன் குடும்பத்தின் ஓய்வுக்காலச் சேமிப்பு கரைந்தது. துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் கில்ட் போர்வைக்கான பெரிய தையல் மெஷின் ஒன்றைப் பிள்ளைகள் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் ஜென்னி யூடியூபில் தைக்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். "எங்களிடம் வாங்குங்கள்" என்பது அல்ல, "இப்படித் தைக்கலாம்" என்பதுதான் பேச்சு. பார்த்தவர்களுக்கு அளவாக வெட்டிய துணி தேவைப்பட்டது. அதை அந்தக் குடும்பத்தின் மிசௌரி ஸ்டார் கம்பெனி விற்றது. இன்று அந்த ஊர் மெயின் ரோட்டில் வரிசையாக அவர்கள் கடைகள்தான்.

இதை நம்ம ஊருக்குக் கொண்டு வருவோம். பண்ருட்டி பக்கத்து முந்திரி வாங்குகிறவர் கடையில் என்ன கேட்பார்? "டபிள்யூ 240, டபிள்யூ 320ன்னா என்னங்க?" டபிள்யூ என்றால் உடையாத வெள்ளைப் பருப்பு. எண், ஒரு பவுண்டில், அதாவது சுமார் 454 கிராமில், எத்தனை பருப்பு என்பதைக் காட்டுகிறது. 320 என்றால் 300 முதல் 320 வரை. எண் குறையக் குறைய பருப்பு பெரிது, விலையும் கூட. தராசில் எடை போட்டு, எண்ணிக் காட்டினால் அதுவே நாலு நிமிட வீடியோ. "பாயசத்துக்கு முழுப்பருப்பு எதுக்கு, பாதிப்பருப்பு போதாதா?", "சிக்கு வாடை ஏன் வருது?", "மழைக்காலத்துல எப்படி வைக்கறது?" எல்லாம் தனித்தனி வீடியோ.

இப்படிப்பட்ட வீடியோக்களைத் தேடித்தான் வருவார்கள். ஷார்ட்ஸ் பெரும்பாலும் சில நாள் ஓடி அடங்கிவிடும். ஒரு கேள்விக்கான பதில், அந்தக் கேள்வியை யாராவது தேடும் வரைக்கும் வேலை செய்யும். யூடியூப் ஸ்டுடியோவில் பார்வையாளர் எங்கிருந்து வந்தார் என்ற பகுதியில் 'யூடியூப் தேடல்' என்று ஒரு வரி இருக்கும். மாதா மாதம் அதைப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, ஆர்டர் தரும் ஒவ்வொருவரிடமும் "எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். சேனல் சோறு போடுகிறதா என்று அந்த நோட்டு சொல்லிவிடும். மாதம் இருநூறு பேர் பார்த்து அதில் பத்துப் பேர் வாங்கினால், அது நல்ல சேனல்.

செலவு? கையில் இருக்கும் போன், சட்டையில் மாட்டும் ஒரு மைக், ஜன்னல் வெளிச்சம். உணவுப்பொருள் என்பதால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவை முதலில் முடித்துவிடுங்கள். கிராஜுவிட்டி பணத்தில் கேமரா வாங்க வேண்டாம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. வாடிக்கையாளர்கள் உங்களிடம் கேட்ட இருபது கேள்விகளை எழுதிப் பாருங்கள். இருபதும் வந்துவிட்டால் முதல் வருடத்துக்கான வீடியோக்கள் தயார். ஐந்துக்கு மேல் வரவில்லையா? சேனல் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும். கால் கிலோ பாக்கெட்டாகப் போட்டு, அக்கம்பக்கத்து வட்டங்களில் நாலு வீடு ஏறி இறங்கி வாருங்கள். கேள்விகள் தானாக வரும்.