ஆறு வாரக் குக்கர்

திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக முக்கால் மணி நேரம் பிடிக்கும். குக்கரில் நாலு விசில் போதும். பருப்பும் அடுப்பும் அதேதான். ஆவி எளிதில் வெளியே போக வழியில்லை, அவ்வளவுதான். நெதர்லாந்தில், குழந்தையோடு நாடு தாண்டிவிட்ட பெற்றோர் வழக்கை நடத்தும் முறைக்குச் சட்டக்காரர்களே வைத்த பெயர் 'பிரஷர் குக்கர்'.

வெயிட் போடுவது 1980-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தம். 16 வயதுக்குட்பட்ட குழந்தையை ஒரு பெற்றோர் மற்றவரின் காவல் உரிமையை மீறி வேறு நாட்டுக்குக் கொண்டுபோனால், பழைய நாட்டுக்கே விரைவில் திருப்பியனுப்ப வேண்டும். ஆறு வாரத்தில் முடிவு வராவிட்டால் தாமதத்துக்குக் காரணம் கேட்கலாம்.

ஹேக் நகர மாவட்ட நீதிமன்றத்தில் முதல் நாள் நீதிபதி கேட்பார்: "சமரசம் பேசிப் பார்க்கிறீர்களா?" சரியென்றால், அடுத்த விசாரணைக்கு முன்பே இரண்டு சமரசர்களோடு உட்கார வேண்டும், மும்மூன்று மணி நேரமாக மூன்று அமர்வுகள். குழந்தையோடு தனியே பேசி, அது சொன்னதைப் பெற்றோர் காதில் போடுவதும் உண்டு. வழக்கின் கடிகாரம் இதற்காக நிற்காது.

உள்ளே வேகும் சரக்குதான் முக்கியம். நீதிபதி சொல்லக்கூடியது 'திரும்பணும்' அல்லது 'வேண்டாம்'. குழந்தை யாரிடம் வளரவேண்டும் என்பதை அந்த வழக்கில் அவர் தொடவே மாட்டார். சமரச மேசையிலோ எந்தப் பள்ளி, கோடை விடுமுறை யாரோடு, டிக்கெட் செலவு யாருடையது, பாட்டியோடு வீடியோ காலில் எந்த மொழியில் பேசுவது என்பதுவரை வரும். அங்கே பேசியதை நீதிபதியிடம் எடுத்துப்போகக் கூடாது. அந்த ரகசியம்தான் கேஸ்கெட். அது தேய்ந்தால் ஆவி நிற்காது.

அடி வாங்கிய பெண்ணை இந்த அழுத்தத்துக்குள் தள்ளலாமா? கூடாது. முன்கூட்டியே இருவரையும் தனித்தனியே விசாரிப்பதும், தனி அறைகளில் உட்காரவைப்பதும், 'வேண்டாம்' என்று எழுந்துபோகும் உரிமையும்தான் சேஃப்டி வால்வு. இதில் சிக்கனம் பார்க்கும் எந்தத் திட்டத்தையும் நான் நம்பமாட்டேன்.

ஒப்பந்தமானால் நீதிமன்றம் அதை உத்தரவாக்கும். மற்ற நாட்டிலும் அது செல்லுபடியாகாவிட்டால், விமானம் இறங்கியதும் அது வெறும் காகிதம்.

குக்கர் இருந்தும் அது எட்டாதவர்கள் பலர். விசா, பயணச் செலவு, இறங்கியதும் கைதாகும் பயம், புரியாத மொழி. மொழித் தடைக்காகவே பெர்லினின் மிக் (MiKK) என்ற சமரச அமைப்பு இருமொழிச் சமரசர் இணைகளை அமர்த்துகிறது: இயன்றவரை ஓர் ஆண், ஒரு பெண், ஒருவர் சட்டம், மற்றவர் உளவியல்.

இலங்கை 2001-இல் இந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. இந்தியா சேரவில்லை. 2018-இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் சமரசப் பிரிவு ஒன்றை அமைத்தது. ஆனால் மேலே அந்த ஆறு வார வெயிட் இல்லை. ஆட்கொணர்வு மனு இழுக்க இழுக்க, குழந்தை புதுப் பள்ளியில் ஒட்டிக்கொள்ளும். குழந்தையைக் கையில் வைத்திருப்பவர் எதற்காக அவசரமாகச் சமரசம் பேச வருவார்?