உங்களுக்குத் தெரியுமா? 93 வயதில் ஓடத் தொடங்கியவர்

பாட்டியாலாவைச் சேர்ந்த மன் கௌர் முதன்முதலாக ஓட்டப் பாதையில் கால் வைத்தபோது அவருக்கு வயது 93. அழைத்துப் போனவர் அவருடைய மகன் குர்தேவ் சிங். அவரே எழுபதைக் கடந்தவர், மூத்தோர் தடகளப் போட்டிகளில் பங்கேற்பவர்.

2017இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் நடந்த உலக மூத்தோர் விளையாட்டுப் போட்டியில் 101 வயது மன் கௌர் 100 மீட்டரை ஏறத்தாழ 74 விநாடிகளில் ஓடி முடித்துத் தங்கம் வாங்கினார். நூறு வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் ஓடியவர் அவர் ஒருவர்தான். அதனால் அந்தப் பதக்கத்தின் மதிப்பு குறைந்துவிடாது. அந்த வயதில் தொடக்கக் கோட்டில் வந்து நிற்பதே பெரிய காரியம். குண்டு எறிதல், ஈட்டி எறிதலிலும் கலந்துகொண்டார். 2021இல், 105 வயதில் மறைந்தார்.

இது அவருக்கு மட்டும் வாய்த்த அதிசயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். பாஸ்டன் முதியோர் மருத்துவ இல்லம் ஒன்றில், 86 முதல் 96 வயது வரையிலான, உடல் தளர்ந்த 10 பேருக்கு 8 வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் தொடைத் தசை வலு, சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. 1990இல் வெளியான ஆய்வு இது. உழைக்கச் சொன்னால் தசை எந்த வயதிலும் வலுப்பெறும்.

புதிதாக ஓடத் தொடங்குவோர் முதலில் மருத்துவரிடம் இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சில வாரங்கள் வேக நடை. பிறகு நடைக்கு நடுவே ஒரு நிமிட மெதுவோட்டம். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.