சீடியாவ வித்த கதை: ஆர்.சி.யில யார் பேரு இருக்கு?

'ப்ரோ, மாடிஃபை பண்ண சீடியாவ என்ன விலைக்குக் கொடுத்தீங்க?'னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. விலைக்கு வர்றேன், அதுக்கு முன்னாடி ஒரு கையெழுத்துக் கதை இருக்கு.

மிட்சுபிஷி லான்சர் சீடியா ஜப்பான் வண்டிதான், ஆனா தயாரானது நம்ம திருவள்ளூர்ல, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பிளான்ட்ல. 2 லிட்டர் 4ஜி63 இன்ஜின். ராலியில பேர் வாங்கின லான்சர் எவோவும் அதே இன்ஜின் குடும்பம்தான். அதுல டர்போ உண்டு, இதுல இல்ல.

நான் ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட் மாட்டி, லோயரிங் ஸ்பிரிங் போட்டு வண்டிய இறக்கியிருந்தேன். சென்னையில கெத்து. எங்க ஊர் நாகலாபுரத்துல ஐப்பசி மழை பெஞ்சா கரிசல் மண்ணு டயர்ல அப்பி நகர விடாது. டிராக்டர் கட்டி இழுத்த அன்னைக்கு மாமா கேட்டாரு: "மாப்ள, இது காரா, கலப்பையா?"

வண்டிக்கு 15 வருஷம் நெருங்குச்சு, விக்க முடிவு பண்ணேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த ஸ்பெக்குக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாது. 2019-ல உச்ச நீதிமன்றமும் அதையே கறாரா சொல்லிருச்சு. வாங்குறவர் ஆர்.சி. புதுப்பிக்கப் போனா இன்ஸ்பெக்ஷன்ல மாட்டுவாரு. அதனால எல்லாத்தையும் கழட்டி ஸ்டாக்குக்குக் கொண்டுவந்தேன். நல்லவேளை, பழைய பார்ட்ஸ் மாமா வீட்டுல வத்தல் மூட்டைக்குப் பின்னாடி பத்திரமா இருந்துச்சு.

முதல்ல வந்தவர் கையில ரொக்கம். "ஃபார்ம் 29, 30-ல சும்மா கையெழுத்துப் போட்டுக் கொடுங்க தம்பி, பேர் மாத்துறத நான் பாத்துக்கிறேன்"னாரு. பேனாவ எடுத்துட்டேன், பொய் சொல்லல.

அப்பத்தான் 2018-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன ஒரு வழக்கு ஞாபகம் வந்துச்சு. 2007-ல வித்த கார், பல கை மாறி, 2009-ல விபத்து. ஆர்.சி.யில முதல் ஓனர் பேரே இருந்துச்சு. நஷ்டஈடு கட்ட வேண்டியவர் அவர்தான்னு கோர்ட் சொல்லிருச்சு. வித்துட்டேன்னு சொன்னது செல்லல.

ஒரே மாநிலத்துக்குள்ள வித்தா 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டியது விக்கிறவரோட பொறுப்பு. வாங்குறவர் பாத்துப்பாருன்னு விடுற விஷயம் இல்ல இது.

"ரெண்டு பேரும் சேர்ந்தே அப்ளை பண்ணுவோம்ணே"ன்னேன். கிளம்பிட்டாரு. மூணு வாரம் கழிச்சு வந்தவர் ஒத்துக்கிட்டாரு. பணம் பேங்க்ல வந்துச்சு. சாவி கொடுத்த தேதி, நேரம் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

கேட்டீங்கல்ல, விலை? ஸ்டாக் சீடியாவுக்கு என்ன போகுதோ, அதேதான். எக்ஸாஸ்டும் ஸ்பிரிங்கும் தனியா போச்சு, போட்ட காசுல மூணுல ஒரு பங்குக்கு.