சீனி வருத்தமும் கொரோனாவும்

"சீனி வருத்தம் உள்ளவர்கள் கவனமாக இருங்கள், உங்களுக்குக் கொரோனா வந்தால் கடுமையாகும்." 2020, 2021 ஆம் ஆண்டுகளில் இதை நாம் எத்தனையோ தடவை கேட்டோம். வானொலியில் சொன்னார்கள். ஒலிபெருக்கி பூட்டிய முச்சக்கர வண்டி தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனது. ஏன் கடுமையாகும் என்பதை மட்டும் யாரும் விளக்கவில்லை. உயர்தர வகுப்பில் உயிரியல் பாடத்தில் ஓமோன்களையும் நிர்ப்பீடனத்தையும் படிக்கும்போதுதான் அந்த "ஏன்" எனக்கு விளங்கத் தொடங்கியது.

முதலில் ஒரு விடயம். சீனி வருத்தம் உள்ளவரைக் கொரோனா வைரஸ் தேடிப் பிடிப்பதில்லை. நெரிசலான பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் இருமினால் எல்லோருக்கும் தொற்றலாம். தொற்றிய பின் என்ன நடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். நம் நாட்டில் கொரோனாவால் முதல் மரணம் 2020 மார்ச் 28 இல் பதிவானது. இறந்தவர் ஏற்கெனவே நீரிழிவு நோயாளி. அதற்கு முன்பே சீனாவில் 44,672 நோயாளர்களின் விபரங்களை ஆராய்ந்திருந்தார்கள். மொத்தத்தில் இறந்தவர்கள் 2.3 சதவீதம், நீரிழிவு உள்ளவர்களில் 7.3 சதவீதம். இங்கிலாந்தில் முதல் அலையில் வைத்தியசாலைகளில் கொரோனாவால் இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நீரிழிவு உள்ளவர். வயது போன்ற மற்றக் காரணிகளைக் கணக்கில் எடுத்த பிறகும், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர் இறக்கும் வாய்ப்பு ஏனையோரை விட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது.

இனிக் காரணத்துக்கு வருவோம். நாம் உண்ணும் சோறும் பாணும் குளுக்கோசாக மாறிக் குருதியில் சேர்கின்றன. அந்தக் குளுக்கோசைத் தசைக் கலங்களுக்குள் அனுப்பும் திறப்பு, சதையி சுரக்கும் இன்சுலின். நம் வீடுகளில் பெரும்பாலும் காணப்படும் இரண்டாம் வகை நீரிழிவில் திறப்பு இருக்கிறது, பூட்டுத்தான் இறுகிவிட்டது. வாசலில் நெல் மூடைகள் குவிந்து கிடக்க வீட்டுக்குள் அடுப்பு எரியாத நிலை அது.

வாசலில் குவிந்த அந்தச் சீனி சும்மா கிடப்பதில்லை. கிருமியைத் தேடிப்போய் விழுங்க வேண்டிய வெண்குழியங்கள், குளுக்கோசு கூடிய குருதியில் பாணிக்குள் விழுந்த எறும்பு மாதிரி மந்தமாகின்றன. இதனால் தொற்றின் முதல் நாட்களில் வைரசுக்கு வசதியான இடைவெளி கிடைக்கிறது. பிறகு விழித்துக்கொள்ளும் நிர்ப்பீடனத் தொகுதியோ அளவு தெரியாமல் அடிக்கிறது. நீரிழிவும் அதிக உடற்பருமனும் உள்ள உடலில் முன்பே மெல்லிய அழற்சி ஒன்று எப்போதும் புகைந்துகொண்டிருக்கும். கொரோனா அதில் எண்ணெய் ஊற்றுகிறது. சுவாசப்பையின் சிற்றறைகளை நிரப்பி மூச்சை அடைப்பது பெரும்பாலும் இந்த அழற்சிதான். வைரஸ் கொஞ்சம், நம் உடலின் சொந்தப் படை மிச்சம் என்று சொல்லலாம்.

குருதிக் குழாய்களின் கதையும் இப்படித்தான். பல வருடங்கள் சீனி கூடியிருந்தால் குழாய்களின் உட்சுவர் பழுதாகிறது. கண், சிறுநீரகம், கால்விரல் எல்லாம் பாதிக்கப்படுவது அதனால்தான். கொரோனாவும் அதே உட்சுவரைத் தாக்கிக் குருதியைக் கட்டிபடச் செய்கிறது. ஏற்கெனவே வெடித்த மதிலில் இரண்டாவது இடி விழுந்தால் எப்படி இருக்கும்?

இத்துடன் முடியவில்லை. கொரோனா சீனியைக் கூட்டவும் செய்கிறது. கடும் காய்ச்சலில் உடல் கோட்டிசோல், அதிரனலின் போன்ற ஓமோன்களைக் கூடுதலாகச் சுரக்கும். அவை ஈரலிலிருந்து குளுக்கோசைக் கொட்டவைக்கும், இன்சுலினின் வேலையையும் தடுக்கும். அதனால்தான் ஒன்றும் சாப்பிடாமல் படுத்திருக்கும் நோயாளிக்கும் சீனி ஏறுகிறது. மூச்சுத் திணறுபவர்களின் உயிரைக் காப்பாற்றும் மருந்து டெக்சாமெதசோன் என்று 2020 ஜூனில் இங்கிலாந்தின் ஆய்வொன்று காட்டியது. அந்த மருந்தும் சீனியைக் கூட்டும். காப்பாற்றும் மருந்தையே இன்சுலினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

2021 மே மாதத்தில் இந்தியாவில் பேசப்பட்ட "கறுப்புப் பூஞ்சை" நோயும் இங்கிருந்துதான் வந்தது. கட்டுப்பாடில்லாத நீரிழிவு, அதன்மேல் கொரோனா, அதன்மேல் ஸ்டீரொயிட் மருந்து. காற்றில் எங்கும் இருக்கும் ஒரு பூஞ்சணத்துக்கு மூக்கும் கண்ணும் திறந்த வீடாகிவிட்டன. தமிழ்நாடு அந்த மே மாதம் அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகப் பிரகடனம் செய்தது.

எனக்கு மிக முக்கியமாகப்பட்டது வேறொரு கணக்கு. சீனாவின் ஹூபே மாகாணத்தில் கொரோனாவுடன் வைத்தியசாலையில் இருந்த நீரிழிவு நோயாளர்களை இரு பிரிவாகப் பார்த்தார்கள். சிகிச்சையின்போது குருதிச் சீனி 70 இற்கும் 180 இற்கும் இடையில் நின்றவர்களில் இறந்தவர்கள் 1.1 சதவீதம். அதைத் தாண்டி ஏறி இறங்கியவர்களில் 11 சதவீதம். பத்து மடங்கு! ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. நோய் கடுமையானதால் சீனி கூடியதா, சீனி கூடியதால் நோய் கடுமையானதா? இந்த ஆய்வால் மட்டும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. இங்கிலாந்தில் நோய் வருவதற்கு முன்பே எடுத்திருந்த எச்பிஏ1சி அளவுகளை வைத்துப் பார்த்தார்கள். செங்குழியம் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்வதால், அதில் ஒட்டிய சீனியைப் பார்த்து முந்திய மூன்று மாதங்களின் சராசரியை அறியும் சோதனை அது. அளவு 10 சதவீதத்தைத் தாண்டிய இரண்டாம் வகை நோயாளர்களுக்கு, 6.5 இற்கும் 7 இற்கும் இடையில் இருந்தவர்களை விட மரண ஆபத்து சுமார் 60 சதவீதம் கூடுதலாக இருந்தது. அது பத்து மடங்கல்ல. ஆனாலும் முந்திய மாதங்களின் கவனம் வீண்போகவில்லை என்பதற்கு இதுவே போதும்.

அந்த முந்திய மாதங்கள் நம் வன்னியில் எப்படிப் போயின? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பம்பைமடுவும் கேப்பாப்பிலவும் தனிமைப்படுத்தல் நிலையங்களின் பெயர்களாகின. 2021 ஜனவரியில் பட்டானிச்சூர் முடக்கப்பட்டது. உம்மம்மாவின் கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். மாதா மாதம் அளவு எழுதப்பட்டிருந்த பக்கங்களில் அந்தக் காலத்துக்கு மட்டும் ஒன்றுமே இல்லை. மருந்து கிடைத்தது, அளவு பார்க்கவில்லை. வயல் நடையும் நின்றது. தேநீரும் பிஸ்கட்டும் கூடின.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை கொரோனாவால் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்பதே சட்டம். மௌத்தானால் ஜனாஸாவை அடக்க விடமாட்டார்களே என்ற பயத்தில் காய்ச்சலை மறைத்த மூத்தவர்கள் எங்கள் தெருவிலும் இருந்தார்கள். பிறகு கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவு பேசப்பட்டு, அங்குள்ள மக்களின் எதிர்ப்புக்குப் பின் 2021 மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் அடக்கம் ஆரம்பமானது. சீனி வருத்தம் உள்ளவருக்குக் காய்ச்சலின் முதல் சில நாட்கள்தான் பெறுமதியானவை. அந்த நாட்களைப் பயம் தின்றுவிட்டது.

வீட்டில் நீரிழிவு உள்ளவருக்குக் காய்ச்சல் வந்தால், கொரோனாவோ டெங்குவோ, "சாப்பிடவில்லைதானே" என்று இன்சுலினைத் தாமாக நிறுத்தக் கூடாது. மேலே சொன்னது போலச் சாப்பிடாமலும் சீனி ஏறும். முதல் வகை நீரிழிவில் இன்சுலின் நின்றால் குருதி அமிலமாகி உயிருக்கே ஆபத்து. மாத்திரைகளில் எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்பதை வைத்தியரிடமே கேட்க வேண்டும். நோன்பு காலத்தில் விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று மௌலவிமார் சொல்லியிருந்தும், பலர் இன்னும் தயங்குகிறார்கள். 2022 இல் மருந்துத் தட்டுப்பாடும் சோதனைப் பட்டிகளின் விலையும் வேறு சேர்ந்துகொண்டன. குளுக்கோமீற்றர் ஒன்றை நான்கு வீட்டார் மாறி மாறிப் பாவிப்பதைக் காண்கிறேன். பாவிக்கட்டும், ஆனால் குத்தும் ஊசி ஆளுக்கு ஆள் புதிதாக இருக்க வேண்டும்.

கொரோனா வந்து சுகமானவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. 2022 மார்ச்சில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, முன்னாள் படைவீரர்களில் கொரோனா வந்தவர்களுக்கு அடுத்த ஒரு வருடத்துக்குள் புதிதாக நீரிழிவு ஏற்படும் ஆபத்து சுமார் 40 சதவீதம் கூடியிருந்ததைக் காட்டியது. ஆகவே "எனக்குச் சீனி இல்லை" என்று சொல்லும் வாப்பாமாரும் உம்மாமாரும் ஒரு தடவை வெறும் வயிற்றில் அளந்து பார்க்கலாம். 100 இற்குக் கீழ் இருந்தால் நல்லது. 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேறொரு நாளும் அளந்து உறுதிப்படுத்த வேண்டும். இடைப்பட்ட அளவில் இருப்பவர்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டியவர்கள், ஏனென்றால் அந்தக் கட்டத்தில் உணவாலும் நடையாலும் திரும்பி வர முடியும்.