பள்ளிக் கதவும் பனியன் கம்பெனிக் கதவும்

திருப்பூர் மாவட்டத்தின் 13 ஊராட்சி ஒன்றியங்களுள் திருப்பூர், அவினாசி, பல்லடம், ஊத்துக்குளி ஆகியவற்றின் கிராமங்களை வெறும் வேளாண் கிராமங்கள் என்று கூறிவிட இயலாது. சோளக் காட்டை அடுத்துப் பனியன் கம்பெனியும், அதனை அடுத்து லைன் வீடுகளும் அமைந்திருப்பதை இங்குப் பல ஊர்களில் காணலாம். உள்ளூர்க் குடும்பங்களோடு, மதுரை, தேனி, திண்டுக்கல் முதலிய மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் பிழைப்பு நாடி வந்தோரும் இங்கு வாழ்கின்றனர். 2020, 2021 ஆம் ஆண்டுகளின் கொரோனா பெருந்தொற்று இவ்வூர்களின் வளரிளம் பருவத்துப் பிள்ளைகளை எவ்வாறு பாதித்தது என்பதையும், அதிலிருந்து ஊராட்சிகள் கொள்ளவேண்டிய படிப்பினையையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஒரு வகுப்பின் வரலாறு

2020 மார்ச்சில் 8-ஆம் வகுப்பில் பயின்ற பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி 8-ஆம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. மேற்கொண்டு பயில வேண்டுவோர் மாற்றுச் சான்றிதழ் பெற்று வேறோர் அரசுப் பள்ளியில் சேர வேண்டும். மார்ச் மாத நடுவில் பள்ளிகள் மூடப்பட்டன. 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. ஆகஸ்டு மாதத்தில் 9-ஆம் வகுப்புச் சேர்க்கை நடைபெற்றது. எனினும் அவ்வகுப்பு உண்மையில் கூடியது 2021 பிப்ரவரி 8-ஆம் நாள்தான். ஆறு வாரங்களில், மார்ச் 22 முதல் மீண்டும் மூடப்பட்டது. தேர்வின்றியே அனைவரும் தேர்ச்சி பெற்றனர். 2021 செப்டம்பர் 1-ஆம் நாள் பள்ளி திறந்தபோது அவர்கள் 10-ஆம் வகுப்பு மாணவர்கள். 2022 மே மாதத்தில் பொதுத் தேர்வை எதிர்கொண்டனர். புதிய பள்ளியின் ஆசிரியர் முகத்தையும் நன்கு அறியாமல், ஒரு முழு வகுப்பைக் கடந்து வந்தவர்கள் இவர்கள்.

கம்பெனி முதலில் திறந்தது

ஊரடங்கின் தொடக்கத்தில் பனியன் கம்பெனிகளும் மூடப்பட்டிருந்தன. பீஸ் ரேட்டில் வேலை செய்வோர்க்கு வேலையில்லாத நாள் கூலியில்லாத நாள். ஆகவே பல இல்லங்களில் வருவாய் அடியோடு நின்றுபோயிற்று. 2020 மே மாதத்தில் கம்பெனிகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. அதே மாதத்தில் வட மாநிலத் தொழிலாளர் பலர் சிறப்பு ரயில்களில் சொந்த ஊர் திரும்பினர். கம்பெனிக்கு ஆள் தேவைப்பட்டது. வீட்டுக்குப் பணம் தேவைப்பட்டது. பையனோ வேலையின்றி வீட்டில் இருந்தான். இம்மூன்றும் ஒருங்கே கூடியபோது நடந்ததில் வியப்பில்லை. தையற்காரருக்குத் துணியை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கும், பிசிறு வெட்டும் வேலைக்கும் பிள்ளைகள் சென்றனர். பள்ளி திறக்கும் வரையில் என்று கூறியே பெற்றோர் அனுப்பினர். ஆனால் சனிக்கிழமைதோறும் வந்த சம்பளம் வாடகைக்கும் மளிகைக் கடனுக்கும் உரியதாகிவிட்டது. பின்னர்ப் பள்ளி திறந்தபோது, பிள்ளையை அங்கு அனுப்புவது ஒரு சம்பளத்தை இழப்பதாக ஆயிற்று.

வீட்டில் ஒரு கைப்பேசி

அரசின் கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது; ஆசிரியர்கள் வாட்ஸ்அப் வழியாகப் பாடக் குறிப்புகள் அனுப்பினர். இவை மெச்சத்தக்க முயற்சிகள் என்பதில் ஐயமில்லை. எனினும் பல வீடுகளில் கைப்பேசி ஒன்றே. அதுவும் தந்தையோடு கம்பெனிக்குச் சென்றுவிடும். அவர் ஒன்றரை ஷிப்டு முடிந்து இரவில் திரும்பும்போது பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிடும். பெண் பிள்ளைகளின் நிலை இதனினும் கடினம். சமையல், தண்ணீர், தம்பி தங்கையரின் பாதுகாப்பு ஆகியவை அவர்கள் பொறுப்பாயின. கைப்பேசியைத் தொட்டால் பெரியோரின் ஐயப் பார்வை வேறு. தோழியரைக் காணவும் மனம்விட்டுப் பேசவும் அவர்களுக்கு இருந்த ஒரே பொது இடம் பள்ளி என்பது, அது மூடப்பட்ட பின்னரே பலருக்கும் விளங்கிற்று.

தேர்ச்சியும் கல்வியும்

தேர்வின்றித் தேர்ச்சி அளித்தது அந்நாளில் தவிர்க்க இயலாத முடிவு. ஆயினும் ‘கொரோனா பாஸ்’ என்று ஊரார் நகைத்த சொல் பிள்ளைகளின் மனத்தைப் புண்படுத்தியது. படிக்காமலே தேறினோம் என்ற எண்ணம், இனிப் படித்தால் தேறுவோமா என்ற அச்சமாக மாறியது. 2022 மே மாதப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குத் தமிழகத்தில் 9,55,139 பேர் பதிவு பெற்றிருந்தனர். எழுதியோர் 9,12,620 பேர். அதாவது, 42,519 பேர் தேர்வுக் கூடத்திற்கே வரவில்லை. தோல்வியுற்றவரை மறுதேர்வுக்கு அழைக்கலாம். வராதவரையோ முதலில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இடைவெளி எங்கே?

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு உரியது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயது நிரம்பாதோரைப் பணியமர்த்துவதைத் தடுக்கிறது. 14 முதல் 18 வயது வரையுள்ளோர்க்கு அபாயகரமான தொழில்களை மட்டுமே விலக்குகிறது. 2021 அக்டோபர் 27-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘இல்லம் தேடிக் கல்வி’ 8-ஆம் வகுப்பு வரையுள்ளோர்க்காக அமைந்தது. ஆக, 8-ஆம் வகுப்பைக் கடந்து மறு பள்ளியில் கால் வைக்கும் அந்த ஓர் அடியில்தான் பிள்ளையைத் தாங்கும் கைகள் குறைவு. பழைய பள்ளி, பிள்ளை சென்றுவிட்டான் என்று பெயரை நீக்குகிறது. புதிய பள்ளியோ வராத பிள்ளையை அறியாது. பெருந்தொற்று இந்த இடைவெளியைப் புதிதாக உண்டாக்கவில்லை. முன்பே இருந்ததை அகலமாக்கிற்று.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், ஊரில் 8-ஆம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பட்டியலைப் பெயர் வாரியாக எடுத்து, ஒவ்வொருவரும் எப்பள்ளியில் சேர்ந்தனர் என்று பள்ளி மேலாண்மைக் குழு உறுதி செய்தல் வேண்டும். சுய உதவிக் குழு மகளிர் இதற்குப் பெருந்துணையாவர். லைன் வீடுகளில் யார் வந்தனர், யார் சென்றனர் என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் இலர்.

இரண்டாவதாக, அன்று பள்ளியை விட்டு நின்றவர் இன்று இருபதை ஒட்டிய வயதினர். அவர்கள் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வழியுண்டு. 8-ஆம் வகுப்புச் சான்றைக் கொண்டே தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரத்தக்க சில பிரிவுகளும் உள்ளன. கிராம சபையில் இதனை எடுத்துக் கூறினால் பயன் பெறுவோர் பலர்.

மூன்றாவதாக, பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்குத் திருமண ஏற்பாடு நடப்பதாகவோ, பிள்ளைகள் கொடிய வேலையில் அமர்த்தப்பட்டிருப்பதாகவோ அறிந்தால் 1098 என்னும் எண்ணுக்குத் தெரிவிப்பது ஒவ்வொருவரின் கடமையாகும்.

பனியன் தொழில் இம்மாவட்டத்திற்குச் சோறிடும் தொழில். அதனைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அத்தொழிலுக்கும் எந்திரம் பழுது பார்க்கவும் கணக்கெழுதவும் மேற்பார்வையிடவும் கற்றோர் வேண்டும். பதினான்கு வயதில் கைமடிக்குச் சென்றவன் நாற்பதிலும் அதே மேசையருகில் நிற்கலாகாது. அதற்கான முதல் வேலை, வரும் ஜூன் மாதத்தில் அந்தப் பட்டியலை எடுப்பதேயாகும்.